ஆமென் சொன்ன சாயங்காலம்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் துஆ என்னும் வேண்டுதல் நீள்கிறது. பல குரல்கள் ஒன்றாகி ‘ஆமீன்’ என்று இறங்குகின்றன. விருத்தாசலத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் எட்டிவிடும். எட்டியதும் எனக்கு ஏழு வயதாகிவிடும்.

அந்த மாசியில் அக்காவுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. அப்பா பீங்கான் சூளையில் இருந்தார். தீ மூட்டிவிட்டால் வேகும்வரை விட்டு வர முடியாது. ஊசி போட்டாயிற்று, திருநீறு வாங்கியாயிற்று. ஓதி ஊதுவதற்காக அம்மா அவளைப் பள்ளிவாசல் வாசலிலும் கொண்டுபோய் நிறுத்தினாள். தாடி நரைத்த ஒருவர் நெற்றியில் ஊதினார். சுற்றி நின்றவர்கள் ஆமீன் என்றார்கள். நானும்தான்.

மறுநாள் பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் டாக்டர். சாயங்காலம், வேன் வருவதற்குள், எதிர்வீட்டு அத்தை ஜெபமாலையோடு வந்தார்.

“நான் ஜெபம் பண்றேன். முடிக்கறப்ப எல்லாரும் ஆமென் சொல்லுங்க. சாமி காதுல வுழணும், ஆமா.”

சொல்லச் சொல்ல அத்தையின் குரல் உடைந்தது. “எல்லாம் உம்ம சித்தப்படியே ஆகட்டும் ஆண்டவரே.”

எல்லாரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். நான் மட்டும் தெருமுனைவரை கேட்கும்படி கத்தினேன்: “ஆமென்!”

அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். சத்தம் அதிகமாகிவிட்டது போலும் என்று நினைத்தேன். சித்தம் என்றால் என்னவென்று எனக்கு யார் சொன்னார்கள்?

வளர்ந்த பிறகு அந்தச் சொல்லைத் துரத்திக்கொண்டு அலைந்தேன். எபிரேயத்தில் அது உறுதி. சாயாமல் தாங்கி நிற்பது. கிரேக்கம், லத்தீன் என்று கடல் தாண்டி, யாரும் பெயர்க்காமலே எங்கள் ஊர் மாதா கோயில்வரை வந்திருக்கிறது. அரபியில் அது ‘ஏற்றுக்கொள்’ என்ற மன்றாட்டு. அதே வேரின் உறவுதான் அமானிதம்: நம்பி ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போவது. இத்தனை மொழிகள் பத்திரமாகக் கைமாற்றிய சொல், எங்கள் வீட்டில் மட்டும் சம்மதமாக விழுந்தது. அம்மா காதால் கேட்டது அந்தச் சம்மதத்தைத்தான். சித்தம் எப்படியும் இருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும்.

அக்கா திரும்பி வரவில்லை.

அன்று வேனில் படுக்கவைத்தபோது அவள் விரலசைத்து என்னைக் கிட்டே கூப்பிட்டாள். காய்ந்த உதட்டில் சிரிப்பு.

“பெரிய மனுஷி, என்னாத்துக்குடி அந்தக் கத்து கத்துன? இனிமே யாரு என்னா கேட்டாலும் சரின்னு சொல்லிடாத. நான் வரேன், ரெண்டு பேருமா யோசிச்சி சொல்லுவோம்.”