வின்சன்ட் கொடுக்காமல் விட்ட இலக்கம்

"பிள்ளை, என்னைப் பிடிச்சிட்டாங்கள்," என்றார் வின்சன்ட். செவன் ஹில்ஸ் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் கார்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆர் அங்கிள்?" என்று டிலக்சி கேட்டாள்.

"அரசாங்கம். பாங்கிலை வந்த வட்டியிலை அரைவாசிக்குக் கிட்ட வெட்டிப்போட்டாங்கள். ஊரிலை வட்டிக்குக் குடுக்கிறவனுக்கும் இதைவிட மனம் இளகும்."

"பாங்குக்கு உங்கடை ரக்ஸ் நம்பர், வரி இலக்கம், குடுத்தனீங்களோ?"

"இல்லை."

"அதுதான். நம்பர் இல்லாட்டி அவையே கூடின வீதத்திலை வெட்டிப்போடுவினம். வருசக் கடைசியிலை வரிக்கணக்குக் காட்டி ரிட்டேர்ன் போடேக்கை அது உங்கடை கணக்கிலை கழியும். ஆரும் உங்களைப் பிடிக்கேல்லை."

"அப்ப முந்தின வருசங்களிலை ரிட்டேர்னிலை வட்டி இல்லையெண்டு சொன்னது?"

பரமட்டாவில் ஒரு கணக்காளரிடம் வேலை செய்பவள் அவள். "அதைக் கேட்டுத்தான் சொல்லவேணும், அங்கிள்," என்றாள். அவர் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டார்.

"பொய் சொன்னவன் எண்டு கத்தரின்ரை விசாவும் போச்சோ?"

மன்னாரிலிருந்து படகில் வந்தவர் வின்சன்ட். குளிர்களஞ்சியம் ஒன்றில் மீன்பெட்டி அடுக்குகிறார். மனைவி கத்தரினைக் கூப்பிடும் உரிமையோடு நிரந்தர விசா கிடைப்பதற்குள் தலை நரைத்துவிட்டது. அவளுடைய விசாவுக்கு விண்ணப்பம் போட்ட பிறகு, அவள் வந்தால் வீடு எடுக்கவென்று கையிலிருந்ததையெல்லாம் சேமிப்புக் கணக்கில் போட்டார். முன்பு சொற்பமாக வந்த வட்டி ஏறியது. சிறிய வட்டியை விட்டுவைத்திருந்த வங்கி வெட்டத் தொடங்கியது.

இலக்கம் கொடுக்காத கணக்கு அரசாங்கத்தின் கண்ணில் படாது என்று அவர் நம்பியிருந்தார். போர் முடிந்த காலத்தில், முகாமில் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் இருந்தது. ஒருநாள் காலை ஒலிபெருக்கியில் அவருடைய தம்பியின் இலக்கத்தை வாசித்தார்கள். தம்பி சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனான். கோப்பை மட்டும் மிஞ்சியது. அன்றே, கட்டாயமில்லை என்றால் எந்த இலக்கத்தையும் எவருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தார். வேலைக்கு மட்டும் தவிர்க்க முடியாமல் கொடுத்தார்.

டிலக்சி தன் மேலதிகாரியிடம் விசாரித்தாள். வட்டி எவ்வளவு சிறிதானாலும் சம்பளத்தோடு சேர்ந்த வருமானம்தான். தானாக முன்வந்து பழையதைத் திருத்தினால், கட்டாமல் விட்ட வரியோடு கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டி வரலாம் என்றார். விசாவைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றார்.

சனிக்கிழமை வின்சன்ட் நார்த்மீட்டில் அவள் வீட்டுக்கு வந்தார். குசினிக் கதிரையில் உட்கார்ந்தவர் தேத்தண்ணியைத் தொடவில்லை.

"திருத்தினா, நாங்களே போய்க் காட்டிக் குடுத்த மாதிரி இல்லையோ?"

"ஒளிச்சு வைச்சா, விசாக்காரர் கேக்கேக்கை என்ன சொல்லுவியள்?"

"விசா கிடைக்கும் எண்டு சொல்லு பிள்ளை."

"எனக்குத் தெரியாது, அங்கிள்."

வெளியே ஏதோ வாகனம் நின்றது. அவர் திரும்பி யன்னலைப் பார்த்தார். பார்சல் கொண்டுவந்தவர்தான். அவளும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பழைய வருடங்களைத் திருத்தி அனுப்பினார்கள். கடைசியாக வங்கிக்கு வரி இலக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. இலக்கம் கேட்ட வெறுங்கட்டத்தோடு கைபேசியை அவள் பக்கம் தள்ளினார். இலக்கத்தை எழுதி மடித்து வைத்திருந்த காகிதத்தை அவளிடம் நீட்டினார்.

"கத்தரினுக்காகத்தான் குடுக்கிறன். நீயே அடி, பிள்ளை. ஆனா நம்பரைச் சத்தமா வாசிக்காதை."