அக்கா ஏறாத வேன்

என் அக்கா மேல் எனக்கு நெடுநாள் வருத்தம் ஒன்று உண்டு. ஊர் உலகமே ஏறி இறங்கிய என் வேனில் அவள் மட்டும் ஏறியதில்லை. கல்யாணமோ துக்கமோ, கூப்பிட்டால், "நீ முன்னால போடா, எனக்குத் தையல் வேலை கிடக்கு" என்பாள். காய்கறி மூட்டை ஏற்றும் வண்டிதானே என்று இளக்காரம் போல என நினைத்தேன். ஒரு நாள் முகத்துக்கு நேரே கேட்டும் விட்டேன்.

தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"இளக்காரமா? உன் சீட்டை நனைச்சிடுவேனோன்னு பயம்டா, மடையா!"

அவளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் இருப்பது எனக்குத் தெரியும். கால் தடுமாறுவதும் தெரியும். ஆனால் இது தெரியாது. நரம்பின் மேலுறை கெட்டு, மூளை சொல்வது கீழே ஒழுங்காகப் போய்ச் சேராதாம். சிறுநீர் முட்டினால் அடக்க முடியாது. போனாலும் முழுக்க வராது. வயிறோ நாள்கணக்கில் அடைத்துக்கொண்டு, திடீரென்று சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பும்.

அந்தச் சமயம் அவள் மகள், என் மருமகள், கால்பந்து இறுதிப் போட்டியில் ஆட இருந்தாள். வெளியூர் மைதானம். மகள் ஆடி அக்கா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"இந்தத் தடவை பாத்தே தீரணும்டா."

வேனின் பின்பக்கத்தில் கழிப்பறை நாற்காலி ஒன்றை போல்ட் போட்டு இறுக்கினேன். சுற்றிலும் திரை அவளே தைத்தாள், பூப்போட்ட துணியில். சிறுநீரை வடிக்க நர்ஸ் போடக் கற்றுக்கொடுத்த மெல்லிய குழாயைப் பையில் வைத்துக்கொண்டாள். காலையில் சாப்பிட்டதும் வயிற்றுக்கென்று நிதானமாக உட்கார்ந்து எழுந்த பிறகே கிளம்பினோம்.

நான் கெட்டிக்காரத்தனமாக அவள் தண்ணீர் பாட்டிலை என் சீட்டுக்கு அடியில் ஒளித்தேன். பாதி வழியில் கண்டுபிடித்துவிட்டாள்.

"குடிக்காம இருந்தா வயிறு இன்னும் கட்டிக்கும்டா. பெரிய டாக்டர் இவரு! எடு இங்க!"

மைதானக் கோட்டோரம், பின்பக்கம் ஆட்டத்தைப் பார்த்தபடி வேனை நிறுத்திப் பின்கதவைத் திறந்துவைத்தேன். அக்கா தொண்டை கிழியக் கத்தினாள். நடுவரைத் திட்டிய திட்டு எனக்கே புதுசு. ஆட்டம் சமநிலையில் முடியப்போகும் நேரம், மருமகளுக்குப் பெனால்டி கிடைத்தது. அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"ஐயோ, இப்பவா வரணும்!"

தூக்காத குறையாக நாற்காலியில் உட்காரவைத்துத் திரையை இழுத்துவிட்டேன். மருமகள் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தாள்.

"என்னடா நடக்குது?"

"உதைக்கப் போறாக்கா."

"மடியில துண்டு போட்டு மூடிட்டேன். திரையைக் கையகலம் விலக்குடா, சீக்கிரம்!"