வழி சொல்லும் பெட்டி விற்றவர்

விருத்தாசலத்தில் கார் சாமான் கடை வைத்திருந்தவர் அவர். மருதாணி போட்ட தாடி. வழி சொல்லும் பெட்டி பேசும்போதெல்லாம் அதற்கும் “சரிங்க” என்பார்.

விலை குறைந்த பெட்டியாக நானே பார்த்து எடுப்பேன் என்று வீம்பாகப் போயிருந்தேன். ஒன்றை எங்கள் காரில் மாட்டி, “கருவேப்பிலங்குறிச்சின்னு உங்க ஊர் பேர அடிச்சுப் பாருங்கம்மா” என்றார். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். கார்க் கதவெல்லாம் சாத்தியிருந்தது, இறங்கி நழுவவும் வழியில்லை.

“எல்லாம் தெரிஞ்ச அத்தையாச்சே, அடிங்க” என்றாள் பின்சீட்டில் இருந்த மருமகள்.

“கண்ணாடி எடுத்தாரலை” என்றேன். அது என் கழுத்தில்தான் தொங்கியது. அவர் பார்த்துவிட்டார்.

“அவ்ளோ நீட்டுப் பேர அடிக்க எனக்கே எழுத்து வராதுங்கம்மா. வாயால சொன்னா கேக்குற பெட்டி இருக்குது, வெலை கொஞ்சம் கூட.”

அதையே வாங்கினேன். அவருக்கு நிஜமாகவே எழுத்து வராதா, எனக்காகச் சொன்னாரா? கேட்க என் வீம்பு விடவில்லை.