ஸ்டெப்னி பற்றி நான் சொல்லாமல் விட்டது

1. மாதக் கடைசி

அன்றைக்கு மாதத்தின் கடைசி நாள். திருப்பத்தூரில் நான் வேலை பார்த்த கார் ஷோரூமில் அந்த மாத டார்கெட்டுக்கு ஒரே ஒரு வண்டி குறைந்தது. மேனேஜர் காலையிலிருந்து தன் அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"சேகரு, இன்னிக்கு ஒண்ணு பில் ஆவலைன்னா என் மானம் போய்டும். யாரையாவது புடிய்யா" என்றார். அவர் மானம் மாதாமாதம் கடைசித் தேதியில்தான் ஊசலாடும். மற்ற நாட்களில் பத்திரமாக இருக்கும்.

பதினோரு மணிக்கு ஆண்டியப்பன் வந்தார். ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுக்காரர். மலையில் பதினெட்டு வருடம் ஷேர் ஜீப் ஓட்டியவர். ஜீப்பை விற்றுவிட்டு சாமை, புளி என்று நிலத்தோடு இருந்தார். கூட அவர் மகள் காவேரி. டிகிரி முடித்துவிட்டு அரசு வேலைக்கான தேர்வுகளை எழுதிக்கொண்டிருந்தாள். அவளைக் கோச்சிங்குக்கும் தேர்வுக்கும் கூட்டிப்போய்க் கூட்டிவரத்தான் கார்.

கார் பார்க்க வருகிறவர்கள் முதலில் ஸ்டீரிங்கைப் பிடித்துப் பார்ப்பார்கள். சிலர் கதவை இரண்டு முறை சாத்திச் சத்தம் கேட்பார்கள். ஆண்டியப்பன் நேராகப் பின்பக்கம் போய் நின்றார்.

"டிக்கிய தொறங்க சார். ஸ்டெப்னிய பாக்கணும்."

திறந்து, அடித்தட்டைத் தூக்கிக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, இவ்ளோ ஒல்லியா கீது?"

"டெம்பரரி ஸ்டெப்னிண்ணா. பஞ்சர் ஆனா கடை வரைக்கும் போய்ச் சேர்றதுக்கு. இப்ப நெறைய வண்டியில இப்படித்தான் வருது."

"எங்க ரோட்டுல கடை எங்க சார் கீது? மலைய வுட்டு எறங்கினாதான் கடை. பெருசு வச்ச வண்டி இல்லியா?"

இருந்தது. அதே காரில் ஒரு படி கீழே உள்ள மாடலில் மற்ற நாலு சக்கரத்தின் அளவிலேயே ஸ்டெப்னி வரும். ஆனால் அது கையிருப்பில் இல்லை. ஆறு வாரம் ஆகும் என்றேன். அது உண்மை. காவேரியின் முகம் விழுந்தது. மூன்று வாரத்தில் அவளுக்குத் தேர்வு இருந்தது.

அந்த இடத்தில் என் வாய் வேலையைத் தொடங்கியது. "அண்ணா, பெரிய சக்கரம் வச்சா டிக்கியோட அடித்தட்டு மேல ஏறிடும். இதுல ரெண்டு மூட்டை புளி தாராளமா புடிக்கும். வருசத்துக்கு எத்தினி தடவ பஞ்சர் ஆவப்போவுது? மூட்டை அடிக்கடி ஏத்தணும் இல்ல?" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். மகள் காரைப் பார்த்தாள். மாலை நாலு மணிக்குப் பில் போட்டாகிவிட்டது. மேனேஜர் மானமும் தப்பியது.

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. அந்தக் காரின் ஸ்டெப்னி குழியில் சின்னச் சக்கரத்துக்கென்று திருகியிருக்கும் தட்டைக் கழற்றிவிட்டால் பெரிய சக்கரத்தை வைக்க முடியும். அடித்தட்டுக்குக் கீழே கட்டை கொடுத்து இரண்டு விரல் உயர்த்தினால் போதும். வேறொரு வாடிக்கையாளருக்கு நானே நின்று செய்து கொடுத்திருக்கிறேன். அளவுக்கேற்ற ரிம்மும் டயரும் தனியாக ஆர்டர் போட்டால் ஒரு வாரத்தில் வந்துவிடும். ஆனால் அதைச் சொன்னால் ஆண்டியப்பன் கட்டாயம், "அது வரட்டும் சார், அப்பறம் வண்டி எடுத்துக்கறேன்" என்பார். பில் அடுத்த மாதத்துக்குப் போய்விடும். அதனால் சொல்லவில்லை. மறந்து போனதாக வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை.

2. டெலிவரி ஃபார்ம்

வண்டியைக் கொடுக்கும்போது ஒரு ஃபார்ம் உண்டு. இருபதுக்கு மேல் கட்டங்கள். ஏசி விளக்கப்பட்டது, வைப்பர் விளக்கப்பட்டது என்று ஒவ்வொன்றாக டிக் போட்டு வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நாங்கள் முந்தின நாளே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு வைத்துவிடுவோம். டெலிவரி நேரத்தில் கேக், மாலை, போட்டோ என்று கூட்டமாக இருக்கும். யார் உட்கார்ந்து விளக்குவது?

ஸ்டெப்னிக்கும் அதில் ஒரு கட்டம் இருந்தது. டெம்பரரி ஸ்டெப்னி என்றால் நாலு விஷயம் சொல்ல வேண்டும். அதில் காற்று எப்போதும் அறுபது இருக்க வேண்டும், மற்ற டயர்களுக்கு முப்பத்திரண்டு போதும். எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. முன்சக்கரம் பஞ்சரானால் பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி முன்னால் போட்டுவிட்டு, இந்தச் சின்னதைப் பின்னால் மாட்டுவது நல்லது. சீக்கிரம் கழற்றிவிட வேண்டும். இவ்வளவுதான். இரண்டு நிமிடப் பேச்சு.

ஆண்டியப்பன் நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். பிறகு டிக்கியைத் திறக்கச் சொல்லி ஸ்டெப்னிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தார். மலையில் ஜீப் ஓட்டுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். "அஞ்சும் நம்மள சொமக்கறதுதான் சார்" என்றார்.

சக்கரத்தின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது. காற்று அளவும் அதில்தான் இருந்தது. அவர் விரல் அதன்மேல் பட்டுக் குங்குமம் ஒட்டியது. நான் பக்கத்திலேயே நின்றேன். கையில் ஃபார்ம் இருந்தது. "இங்க ஒரு கையெழுத்துண்ணா" என்றேன். போட்டார்.

3. மலை இறங்கிய காலை

இனி வருவது ஆண்டியப்பன் பின்னால் என்னிடம் சொன்னது.

ஜீப் ஓட்டியவருக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஐந்து சக்கரத்திலும் காற்று பார்க்கும் பழக்கம். வீட்டில் சொந்தமாக ஒரு கேஜ் வைத்திருந்தார். கார் வாங்கிய முதல் மாதமே ஸ்டெப்னியில் வைத்துப் பார்த்திருக்கிறார். அறுபது காட்டியிருக்கிறது. ஷோரூம் பையன்கள் கவனிக்காமல் ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்தார். அதோடு மலையில் ஜீப் ஓட்டுகிறவர்கள் காற்றைச் சற்றுக் குறைத்தே வைப்பார்கள். கல் ரோட்டில் வண்டி குதிக்காமல் போகும். அந்தக் கணக்கில் ஸ்டெப்னியையும் இருபத்தெட்டுக்கு இறக்கிவிட்டார். அவர் அறிந்த தொழில்படி அது சரியான வேலை.

காவேரி தேர்வில் பாஸானாள். வேலூரில் சான்றிதழ் சரிபார்ப்புக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. காலை பத்து மணிக்கு இருக்க வேண்டும். வராதவர்களுக்கு மறுவாய்ப்பு கிடையாது என்று அதிலேயே போட்டிருந்தது. அவர்கள் குக்கிராமத்திலிருந்து அந்த அளவுக்கு வந்த முதல் பெண் அவள்தான்.

ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். அப்பா, அம்மா, மகள். வேலூர் உறவினருக்கென்று டிக்கியில் இரண்டு மூட்டை புளி. நான் சொன்ன அதே இரண்டு மூட்டை.

மலை இறங்கும்போது ஒரு திருப்பத்தில் கூர்மையான கல் முன் இடது டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. பக்கவாட்டில் கிழிந்தால் பஞ்சர் போட முடியாது. ஆண்டியப்பன் பதறவில்லை. அவருக்கு அது புதிதா என்ன? மூட்டைகளை இறக்கி, ஸ்டெப்னியை எடுத்து, ஜாக்கி போட்டு, கால் மணி நேரத்தில் மாட்டிவிட்டார். கழற்றிய பெரிய சக்கரத்தைக் குழியில் வைக்கப் பார்த்தார். குழியில் சின்னச் சக்கரத்துக்கான தட்டு இருந்ததால் இறங்கவில்லை. சக்கரத்தை டிக்கியில் மேலாகப் போட்டதும் மூட்டைகளுக்கு இடமில்லாமல் போயிற்று. அவற்றை ரோட்டோரம் விட்டுவிட்டு, "அப்பறம் வந்து எடுத்துக்கலாம், நீ ஏறு பாப்பா" என்று கிளம்பினார்.

மூன்று கிலோமீட்டர்கூடப் போகவில்லை. இறக்கத்தில் வண்டியின் பாரமெல்லாம் முன்சக்கரத்தில் விழும். பாதிக் காற்றுகூட இல்லாத அந்த ஒல்லிச் சக்கரம் ஒரு கொண்டை ஊசி வளைவில் நசுங்கி, டயர் ரிம்மை விட்டு வெளியே வந்துவிட்டது. ரிம் ரோட்டில் தேய்ந்தது.

அந்த இடத்தில் போன் சிக்னல் கிடையாது. காவேரி சர்டிபிகேட் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். வெகுநேரம் கழித்துக் கீழே போன ஒரு பைக்காரர் அவளை ஏற்றிக்கொண்டார். திருப்பத்தூரில் பஸ் பிடித்து வேலூர் போய்ச் சேரும்போது மதியம் ஒரு மணி. பெயரைக் கூப்பிட்டு, வரவில்லை என்று எழுதி முடித்திருந்தார்கள். அவள் வாசலிலேயே மாலை வரை நின்றிருக்கிறாள். உள்ளே இருந்தவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

4. நான் வாயை மூடிய நாள்

நாலு நாள் கழித்து ஆண்டியப்பன் ஷோரூமுக்கு வந்தார். கையில் ரிம் தேய்ந்த ஸ்டெப்னி. வாசலில் பார்த்ததுமே மேனேஜர் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அவர் கையில் டெலிவரி ஃபார்ம் தயாராக இருந்தது.

சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் சக்கரத்தைத் தரையில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"சார், இதுல காத்து எவ்ளோ இருக்கணும்?"

"அறுபதுண்ணா."

அவர் குனிந்து ரிம்மின் தேய்ந்த விளிம்பைத் தடவினார்.

"நான் இருவத்தெட்டுக்கு எறக்கிட்டேன் சார். அதிகமா கீதுன்னு நெனச்சேன். அப்ப பாப்பா வேலை போனது என் தப்புதான் இல்ல?"

அதைக் கேட்டுவிட்டு அவர் என் முகத்தைத்தான் பார்த்தார். இல்லைண்ணா, நான்தான் சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவே இல்லை என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மேனேஜர் ஃபார்மை விரித்து, "எல்லாம் வெளக்கி சொல்லி நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க பாருங்க" என்றார்.

ஆண்டியப்பன் கையெழுத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஜீப்பு மாதிரி இல்லண்ணா இந்த வண்டி" என்றேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. அத்தனை நாள் நிறுத்தாமல் பேசி வண்டி விற்ற வாய்.

"சரிங்க சார். நீங்க சொல்லியிருப்பீங்க. நான்தான் காதுல வாங்கல போல கீது. வர்றேன்" என்றார்.

நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருப்பது இந்த இடம்தான். வண்டி விற்கும்போது மறைத்தது வியாபாரத்துக்காக. அன்றைக்கு வாயை மூடியது என்னைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும்தான். ஒரு மனிதர் தன் மகளின் வேலையைக் கெடுத்தது தானே என்று நம்பிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

5. நெல்லிவாசல்நாடு

இரண்டு வருடம் கழித்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அதற்கு அடுத்த வாரமே மலைக்குப் பஸ் ஏறினேன். மேனேஜர் இனி என் பக்கத்தில் வந்து நிற்க மாட்டார் என்ற தைரியம்தான். வேறு வீரம் ஒன்றுமில்லை.

ஆண்டியப்பன் வாசலில் புளி காய வைத்துக்கொண்டிருந்தார். கார் வீட்டுப் பக்கத்தில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க சார், வூட்டுக்குள்ள வாங்க" என்று துண்டால் கட்டிலைத் துடைத்தார். காவேரி உள்ளே இருந்தாள். பக்கத்து ஊரில் ஒரு தனியார் பள்ளியில் வேலை செய்வதாகச் சொன்னார்கள். மறுபடி இரண்டு தேர்வு எழுதியும் கிடைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். காவேரி அம்மாவிடம், "டீ போடட்டுமான்னு அவர கேளும்மா" என்றாள். அப்பா மூன்றடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் மனைவியைப் பார்த்து, "போடச் சொல்லு" என்றார்.

ஆண்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "அன்னிலேர்ந்து இப்படித்தான் சார். கோவம் நாயந்தான். காத்த எறக்கினது நானு."

அப்போதுதான் சொன்னேன். வரிசையாகச் சொன்னேன். பெரிய சக்கரம் வைக்க வழி இருந்தது, மறைத்தேன். காற்று அளவைச் சொல்லவே இல்லை. ஃபார்மில் டிக் முந்தின நாளே போட்டது. ஷோரூமுக்கு நீங்கள் வந்தபோது தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் பேசாமல் இருந்தேன்.

ஆண்டியப்பன் என்னைத் திட்டவில்லை. "நீங்க சொல்லவே இல்லியா சார்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். இரண்டு வருடமாகத் தன் காதைத்தான் அவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

காவேரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்பா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க கெளம்புங்க சார். பஸ்ஸு வந்துடும்" என்றாள்.

பஸ் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நான் எழுந்து வந்து ரோட்டில் நின்றேன்.

இப்போது விற்பனை வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் ஸ்டெப்னி பெரிதா சின்னதா, எது நல்லது என்று என்னைக் கேட்கிறார்கள். ஊருக்குள் ஓட்டுகிறவருக்குச் சின்னது போதும். இடம் மிச்சம், கூப்பிடு தூரத்தில் கடை. மலைக்கும் காட்டு ரோட்டுக்கும் போகிறவருக்குப் பெரியதையே கொடுங்கள். பெரியது வராத மாடலென்றால் தனியாக வாங்கி வைக்க வழி சொல்லுங்கள், பில் அடுத்த மாதம் ஆகட்டும். ஃபார்மில் டிக்கை வாயால் விளக்கிச் சொன்ன பிறகு போடுங்கள். இவ்வளவையும் மீறித் தப்பு நடந்துவிட்டால், அந்த ஆள் எதிரில் வந்து நின்று, என் தப்பா என்று கேட்கும்போதே ஒத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு வருடம் கழித்துப் போய்ச் சொன்னதில் என் மனசு மட்டும்தான் லேசானது. அப்பாவும் மகளும் பேசாமல் ஒரே வீட்டில் இருந்த அந்த இரண்டு வருடத்தை நான் எங்கே போய் வாங்கிக் கொடுப்பேன்?