கடதாசி வைரவர்

காலை 6.20. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறினேன். ரிக்கற் நூற்றைம்பது ரூபா. பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகு நிறைந்திருந்தது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் என் தோள்பையைப் பார்த்தார்.

"குதிரை பார்க்கவோ, பெருக்குமரம் பார்க்கவோ அக்கா?"

"இரண்டும் இல்லை. செடி பார்க்க."

"அதுக்கேன் கடல் தாண்டி வாறியள்? உங்கடை ஊரிலை புல்லு முளைக்கிறேல்லையோ?"

படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன காரணத்தைச் சொல்கிறேன். நான் தாவரவியல் படிப்பிக்கும் ஆசிரியை. பதினெட்டாம் நூற்றாண்டில் டென்மார்க்கிலிருந்து கப்பல் வைத்தியராகத் தரங்கம்பாடிக்கு வந்து, அங்கிருந்து இந்தத் தீவுகளுக்குக் கடந்துவந்து செடி சேகரித்த ஒருவரைப் பற்றிச் சில வருடங்களாக எழுதிவருகிறேன். மருந்துக்கடைக்காரரின் மகன். சிறுவயதிலேயே தகப்பனின் போத்தல்களில் இருந்த செடிகளின் பெயர்களையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வாராம். சோழமண்டலக் கரையில் அவர் கால்படாத உப்பளம் இல்லை. தும்பையையும் சாறணையையும் முதன்முதலாக வேரோடும் பூவோடும் தாளில் ஒட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். வேரில்லாத செடி பாதிச் செடி என்பது அவர் கொள்கை. நெடுந்தீவோடு அவருடைய தாள்கள் நின்றுவிடுகின்றன. நான் வாசித்த எல்லாக் குறிப்புகளிலும் முடிவு ஒன்றுதான்: தீவில் காய்ச்சலால் இறந்தார்.

அவருடைய குடும்பத்தில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவர் டென்மார்க்கில் இருக்கும் இளைப்பாறிய தாதி ஒருவர். தங்கள் முன்னோர் இறந்த இடத்தின் ஒரு படமாவது அனுப்பமுடியுமா என்று என்னிடம் கேட்டிருந்தார். என்னோடு படிப்பிக்கும் ஒருவர் தன் நெடுந்தீவு உறவினரிடம் விசாரித்தார். மாசி மாதத்து இந்த வெள்ளிக்கிழமையே வரச்சொல்லிப் பதில் வந்தது.

தீவில் அது எந்த இடம் என்று எழுதவில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். இதை வெளியிடச் சம்மதித்த வீட்டார் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

காலை 9.10. நெடுந்தீவு மாவிலித்துறையில் அந்த உறவினர், நடேசு அண்ணை, மோட்டார் சைக்கிளோடு நின்றார். முன்பு குருநாகலில் கடை வைத்திருந்தவர். இப்போது ஊரோடு இருக்கிறார். இருபுறமும் பவளப்பாறையின் முருகைக்கல் அடுக்கிய வேலிகள். வீட்டு வாசலில் அவருடைய மனைவி இராசமலர் அக்கா கைநிறைய வடை மாவோடு வந்தார்.

"வாங்கோ ரீச்சர். இண்டைக்கு எங்கடை வைரவருக்குப் பொங்கல். முதல் தேத்தண்ணி குடியுங்கோ, பிறகு அவரைப் பார்க்கலாம்."

"எவரை?"

"உங்கடை ஆளைத்தான்."

எனக்கு விளங்கவில்லை.

காலை 10.00. வளவின் பின்பக்கம், ஒரு பெரிய பூவரசின் கீழ், மண்ணில் நட்ட சூலம். அதற்கு வடைமாலை. பக்கத்தில் பொங்கல் பானையும் வடை பொரியும் அடுப்பும். இதெல்லாம் எங்கள் ஊர் வைரவர்களுக்கும் உள்ளதுதான். ஆனால் சூலத்துக்கு முன்னால் தரையில் விரித்திருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.

பழைய பேப்பர்த் தாள்கள் வரிசையாகப் பரப்பப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு செடி, வேரோடு. குப்பைமேனி, நெருஞ்சி, தும்பை, கீழ்காய்நெல்லி, அடம்பங்கொடி. வேரில் மண் கழுவப்பட்டிருந்தது. இலைகள் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் விரிக்கப்பட்டிருந்தன. ஒரு இலை மட்டும் புறம் தெரியத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. வந்தவர்கள் தங்கள் செடியின்மேல் இன்னொரு தாளை மூடி, ஒரு முருகைக்கல்லைப் பாரமாக வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். என் மாணவர்களுக்கு நான் படிப்பிக்கும் முறை இதுதான். அந்த ஒற்றை இலையைத் திருப்பி வைப்பதைத்தான் அவர்கள் எப்போதும் மறந்துவிடுவார்கள்.

"இதை உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"அவர் செய்ததைத்தானே செய்யிறம்," என்றார் இராசமலர் அக்கா. "ஒவ்வொரு வீட்டாலையும் ஒரு செடி கொண்டந்து குடுத்திட்டால், அவர் வளவுகளுக்குள்ளை தேடி வரமாட்டார். கடதாசி வைரவர் எண்டுதான் சொல்லுறது."

"இஞ்சைதான் காய்ச்சலிலை செத்தவரோ?"

அவர் வடையை எண்ணெயிலிருந்து எடுத்து வடியவிட்டார்.

"காய்ச்சலோ? ஆர் சொன்னது? எங்கடை ஆக்கள்தான் அடிச்சவை."

மாட்டுக்குத் தண்ணீர் வைத்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் பூவரசின் வேரில் உட்கார்ந்துவிட்டேன். மிச்சத்தை நடேசு அண்ணை சொன்னார்.

"வளவு வளவாப் போய் வேரோடை பிடுங்கினவராம். பிடுங்கினதைக் கடதாசிக்குள்ளை மூடி, மேலை கல்லு. அந்தக் காலத்துச் சனம் என்னெண்டு நினைக்கும் ரீச்சர்? செய்வினை எண்டுதானே. அந்த நேரம் பார்த்து, அவர் செடி பிடுங்கின வீடொண்டிலை பிள்ளைக்குக் காய்ச்சல். பிறகு அடுத்த வீட்டிலை. அதோடை கூடிப்போய் அடிச்சே சாக்காட்டிப்போட்டினம்."

"பிறகு?"

"பிறகும் பிள்ளையள் செத்ததுகள். அப்பதான் விளங்கிச்சுது, இவர் செய்ததில்லை எண்டு. இந்தப் பூவரசடியிலை தாட்டுப்போட்டுச் சூலம் நட்டவை."

காய்ச்சல் வந்தது பிள்ளைகளுக்கு. அவருக்கு அல்ல. எத்தனையோ வருடங்களாக எல்லாரும் எழுதிய வரியை நானும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

"அவரின்ரை சாமான்கள்?" என்று கேட்டேன்.

"கடதாசியெல்லாம் எரிச்சதாம். ஒரு பைக்குள்ளை ஏதோ பட்டைத்தூள் இருந்ததாம். சரியான கைப்பு. நஞ்செண்டு கடலிலை கொட்டினவை."

அந்தக் காலத்துக் கப்பல் வைத்தியர்கள் காய்ச்சலுக்கென்று கொண்டுபோனது கைப்பான ஒரு மரப்பட்டைத் தூள். இதுவும் அதுதான் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனாலும் அது காய்ச்சல் மருந்தாக இருந்திருக்கலாம் என்று சொன்னேன்.

இராசமலர் அக்கா அகப்பையைக் கீழே வைத்தார். எண்ணெயில் கிடந்த வடைகள் கருகத் தொடங்கின. ஒருவரும் எடுக்கவில்லை.

"அப்ப, அந்தப் பிள்ளையளுக்கு…"

"இருக்கலாம் அக்கா. நிச்சயமாச் சொல்ல ஏலாது."

அவர் என் பக்கம் திரும்பினார். "அந்தத் தாதி மனிசிக்கு இதை எழுதப்போறியளோ? எழுதாதேங்கோ. காய்ச்சலெண்டே இருக்கட்டும்."

"உண்மையை மறைக்கவோ இவ்வளவு காலமும் கும்பிடுறம்?" என்றார் அண்ணை.

"இஞ்சருங்கோ, கும்பிடுறது எங்களுக்கும் அவருக்கும் உள்ள கதை. அதை ஏன் ஊருலகத்துக்கு? என்ரை பிள்ளை அவையின்ரை நாட்டிலை இருக்கிறான். கொலைகாரரின்ரை சந்ததி எண்டு அவனைப் பார்க்கோணுமோ?"

அவர்களுடைய மகன் கஜன் டென்மார்க்கில் பஸ் ஓட்டுகிறான் என்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது.

நண்பகல் 12.00. கஜனின் வீடியோ அழைப்பு. அங்கே விடிந்துகொண்டிருந்தது. பனி மூடிய முற்றம். பல்பொருள் அங்காடியின் விளம்பரத் தாள் ஒன்றில், வேரோடு ஒரு புல்.

"அம்மா, பனியைக் கிளறி இதுதான் கிடைச்சது. பக்கத்து வீட்டுக் கிழவன் யன்னலாலை பார்த்துக்கொண்டே நிண்டவன். எனக்கு விசரெண்டு நினைச்சிருப்பான்."

தாய் சிரிக்கவில்லை. தகப்பன் போனை வாங்கி நடந்ததைச் சொன்னார். பட்டைத்தூளையும் அந்தத் தாதியையும் பற்றிச் சொன்னார். திரையில் கஜன் அந்தப் புல்லை இன்னொரு தாளால் மூடினான். பிறகு என்னைக் கேட்டான்.

"அவ எந்த ஊர் ரீச்சர்?"

சொன்னேன்.

"றெயினிலை ரெண்டு மணித்தியாலம். நீங்கள் ஒண்டும் எழுதவேண்டாம். நான் போய் நேரிலை சொல்லுறன்."

"உனக்கென்ன விசரோ? பொலிசைக் கூப்பிட்டால்?"

"இதுக்கெல்லாம் பொலிஸ் வராதம்மா. வந்தாலும் நான் என்ன, ஓடுறதோ?"

இராசமலர் அக்கா போனைக் கணவரிடம் தள்ளிவிட்டுக் குசினிக்குள் போனார். திரும்பி வந்து, போனுக்கு எட்டாத தூரத்தில் நின்றபடியே சத்தமாகச் சொன்னார்:

"போறதெண்டால் வெறுங்கையோடை போகாதை. அந்த மனிசி மச்ச மாமிசம் சாப்பிடுமோ எண்டு கேட்டுப்போட்டுப் போ."

பிற்பகல் 2.30. திரும்பும் படகு. கடல் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் நான் குறிகட்டுவான் வரை கம்பியை விடாமல் பிடித்திருந்தேன். சூலத்தை எடுத்த படத்தை அனுப்பவில்லை. காய்ச்சலால் இறந்தார் என்ற கடைசி வரியை என் நூலிலிருந்து அன்றிரவே வெட்டிவிட்டேன். புதிய வரி எழுத வரவில்லை.

பங்குனியில் இராசமலர் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். கஜன் போய்வந்துவிட்டான். மரக்கறி றோல்ஸ் செய்து கொண்டுபோயிருக்கிறான். அந்தத் தாதி அம்மையார் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாராம். அழவில்லையாம், கோபிக்கவுமில்லையாம். முடிவில் கேட்டது ஒரே ஒரு கேள்வி: காய்ச்சல் வந்த பிள்ளைகளில் யாராவது பிழைத்தார்களா?

"கஜனுக்குப் பதில் தெரியேல்லை. எனக்குப் போன் எடுத்துக் கேட்டவன்," என்றார்.

"என்ன சொன்னீங்கள் அக்கா?"

"ஒண்டு பிழைச்சதெண்டு சொன்னன். அந்தப் பிள்ளையின்ரை வழியிலைதான் நாங்கள் எல்லாரும்."