தனியப் பார்த்தால் எல்லோரும் ஏழைகள்

இதை யாருக்கும் காட்டாதீர்கள். நளா அக்காவின் போட்டோக்கொப்பிக் கடைக்கு ஒருநாளாவது வந்து போனவர் என்றால் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், வாசித்ததும் மடித்து வைத்துவிடுங்கள். என் அப்பா யாரென்று உங்களுக்குத் தெரிந்துவிடும். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு எழுதுகிறேன். கண் எரிகிறது.

அன்று காலை எங்கள் தீவிலுள்ள புளியங்கூடலிலிருந்து வழக்கம்போல் சைக்கிளில் ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வழியில் அக்காவின் கடை பூட்டியிருந்தது. பக்கத்துத் தேநீர்க்கடை அண்ணை கிளாசைக் கழுவியபடியே, "டெங்கு, பிள்ளை. விடியப்புறம் முடிஞ்சுதாம்" என்றார். அக்காவுக்கு முப்பத்திரண்டு வயது. எனக்கு அன்று கணிதப் பரீட்சை. போய் எழுதினேன். என்ன எழுதினேன் என்று தெரியாது. ஊரில் எல்லோருடைய மரண அறிவித்தலையும் அடித்துக் கொடுத்தவருக்கு வேறு கடையில்தான் அறிவித்தல் அடிக்க வேண்டியிருந்தது. நளாயினி என்ற பெயரை 'நளயினி' என்று போட்டிருந்தார்கள். அவர் இருந்திருந்தால் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

பாராளுமன்றத் தேர்தல் நேரம் எல்லா வேட்பாளர்களின் நோட்டீஸும் பிரதி எடுக்க அவரிடம் வரும். ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்து ஒரு ஃபைலில் வைப்பார். "என்ன நளா, நீரும் எலெக்சன் கேக்கப்போறீரோ?" என்று தேநீர்க்கடை அண்ணை சீண்டினார். "ஓமண்ணை. என்ரை சின்னம் போட்டோக்கொப்பி மெசின். எனக்குப் போட்டால் ரெண்டு பக்கமும் அடிச்சுத் தருவன்" என்றார் அக்கா. அண்ணை சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது.

தேர்தல் முடிந்ததும் வேட்பாளர்கள் தாங்கள் பெற்ற பணத்துக்கும் செலவழித்த பணத்துக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும். அதை யாரும் கேட்டுப் பார்க்கலாம். நம்மில் யார் கேட்டோம்? அக்கா ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போய் மூன்று பேருடைய கணக்கின் பிரதிகளை எடுத்து வந்தார். ஒருவர் யாழ்ப்பாணத்துக் கடை முதலாளி. ஒருவர் சுயேச்சையாக நின்ற ஓய்வுபெற்ற வாத்தியார். மூன்றாமவர் எங்கள் தீவுக்காரர். அவருக்காகத்தான் என் அப்பா ஓடித் திரிந்தார். மூன்று கணக்கையும் மெசின் மூடியில் வரிசையாக வைத்து அக்கா சொன்னார்: "பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பாரும். தனியப் பாத்தால் எல்லாரும் ஏழையள்தான்."

பஸ்ஸில் வந்து ஓட்டுக் கேட்ட வாத்தியார், யாரோ தின்ன வாங்கிக் கொடுத்த பணிசையும் தேநீரையும்கூட அன்பளிப்பு என்று எழுதியிருந்தார். மூன்று வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி வந்த எங்கள் ஆள், அன்பளிப்பு என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். முதலாளியும் அதையே எழுதியிருந்தார். கணக்கின்படி மூவரிலும் அதிகம் வாங்கியவர் வாத்தியார்தான். "பாவம் மனுசன். உண்மை சொல்லிப் பணக்காரனாப் போட்டுது" என்றார் அக்கா.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அப்பா எங்கள் கோயிலுக்குப் பல வருடங்களாகச் செயலாளர். திருவிழா நோட்டீஸில் ஒவ்வொரு நாளுக்கும் உபயகாரர் பெயர் போடுவது அவர் வேலை. ஒரு பெயர் விடுபட்டால் கனடாவிலிருந்து சண்டைக்கு வருவார்கள். தேர்தலுக்கும் அவர்தான் வெளிநாட்டுச் சொந்தங்களிடம் பணம் சேர்த்தார். பழக்கதோஷம், அச்சகத்தில் கொடுத்த தேர்தல் நோட்டீஸின் அடியிலும் 'உபயம்' என்று போட்டுக் குடும்பம் குடும்பமாகப் பெயரை அடுக்கிவிட்டார். வேட்பாளர் போனில் கத்தியது குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா வரை கேட்டது: "இது என்ன, கோயில் திருவிழாவே?" அப்பாவுக்கு விளங்கவில்லை. "பேர் போடாட்டி ஆர் காசு தருவினம்?" என்று அம்மாவிடம் கேட்டார். அன்றே கட்டுக்கட்டாக எல்லாவற்றையும் கொண்டுவந்து வீட்டுப் பின்கோடியில் போட்டு எரிக்கச் சொன்னார். நான்தான் எரித்தேன். ஆனால் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. பயிற்சிக் கொப்பி விற்கும் விலைக்கு எல்லாவற்றையும் எரிக்க மனம் வரவில்லை. கணக்குச் செய்து பார்க்கப் பத்துத் தாளை ஒளித்து வைத்தேன்.

பழைய வினாத்தாள் எடுக்க அக்காவின் கடைக்குப் போனபோது அவற்றில் ஒன்று என் புத்தகத்துக்குள் இருந்து விழுந்தது. அக்கா குனிந்து எடுத்து மறுபக்கம் திருப்பினார். சிரிக்கவில்லை. நெடுநேரம் வாசித்தார். பிறகு, "இதை நான் வைச்சிருக்கட்டே? ஏலாதெண்டால் இப்பவே சொல்லும்" என்றார். அது என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஓம் என்றேன். என்னிடம் யாரும் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

எங்கள் ஆள் வாங்கிய பணத்தை மறைத்தார் என்று தேர்தல் ஆணைக்குழுவுக்கு எழுதிய முறைப்பாட்டுடன் அந்த நோட்டீஸின் முன்பக்கப் பிரதியை மட்டும் அனுப்பினார். "பின்பக்கம் உம்மடை கணக்கு. அது ஒருத்தருக்கும் தேவையில்லை" என்றார். அவர் முறைப்பாட்டின்பேரில் விசாரணை என்று எங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்த வாரம் அவருக்குக் காய்ச்சல் தொடங்கியது.

செத்தவீட்டு முற்றத்தில் போட்டிருந்த கதிரையில் உட்கார்ந்துகொண்டு அப்பா சொன்னார்: "போட்டோக்கொப்பிக் கடை வைச்சிருந்தவளுக்கு ஒரு பொய் நோட்டீஸ் அடிக்க எவ்வளவு நேரம் செல்லும்?" சிலர் தலையாட்டினார்கள். உள்ளே அக்காவின் அம்மாவுக்குக் கேட்டிருக்கும். அப்பா கெட்டவர் இல்லை. அதைச் சொன்னபோது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பயந்திருக்கிறார். நானும் அங்கே வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஊர் அப்படித்தான் பேசுகிறது. உங்களில் சிலரும் பேசியிருப்பீர்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு அன்று அக்காவின் அம்மா ஒரு கடித உறையை என் கையில் வைத்தார். "உம்மடை கணக்குத்தாளாம், பிள்ளை. ஆசுபத்திரியிலை கிடந்து சொன்னவள், கவனமாக் குடுக்கச் சொல்லி." உள்ளே அந்த நோட்டீஸ். ஐந்தாவது கணக்கில் நான் குறியை மாற்றிப் போட்டிருந்தேன். அதைச் சுற்றி அக்கா பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்தத் தாள்தான். அச்சகத்தில் அடித்த அசல். இதைக் காட்டினால் அக்கா பொய் நோட்டீஸ் அடிக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். திருப்பினால் யார் கொடுத்தது என்றும் தெரியும். மூன்று இரவாக நெருப்புப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். எரிக்க முடியவில்லை. களைத்துவிட்டேன். விசாரணைக்கு வருபவர்கள் கேட்டால் கொடுப்பேன். பின்பக்கம் இருப்பது யாருடைய கையெழுத்து, உன்னுடையதா என்று அப்பாவுக்கு முன்னால் வைத்துக் கேட்டாலும், ஓம் என்று

கதவைத் தட்டும் சத்தம். அப்பாதான். தாளை ஒளிக்கவில்லை.