பல்லக்கா படகேறிய கதை

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பல் மருத்துவமனையில் அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. மாடியில் டாக்டர் பல்லைப் பிடுங்குவார். தரைக்குக் கீழே இருக்கும் அறையில், பிடுங்கிய இடத்துக்கு இவள் பல் செய்வாள். அதனால் ‘பல் அக்கா’. சொல்லிச் சொல்லி அது ‘பல்லக்கா’ ஆகிவிட்டது.

“எல்லார் வீட்லயும் பொண்டாட்டி பல்லக்குல வருவா. எனக்குப் பல்லக்காவே வந்துட்டா” என்று அவள் கணவர் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிட்டு, அவரே சிரித்துக்கொள்வார். ஃப்ரிட்ஜ், ஏசி பழுது பார்க்கிற மனிதர். வீட்டில் பேசுவதற்கு அவர், கேட்டுக்கொள்வதற்கு இவள் என்று கல்யாணமான புதிதிலேயே பாகம் பிரித்தாயிற்று.

அவள் வேலை செய்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மேஜைமேல் வளையும் கழுத்துள்ள ஒரு விளக்கு, மெழுகு உருக்கும் சின்ன அடுப்பு, எதைத் தொட்டாலும் விரலில் ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்டர் தூள். மாடியிலிருந்து வாயின் அச்சு மட்டும் இறங்கி வரும். இங்கிருந்து பல் செட் மேலே ஏறிப் போகும். ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், சண்டை போட்டார்கள். அவர்களில் ஒருவர் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் ஒருநாள், மெழுகில் கீழ்வரிசைப் பற்களைக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தவளுக்குக் கழுத்து அப்படியே பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. குனிந்த தலையோடு மாடிப்படி ஏறிப் போனவளைப் பார்த்து, “என்னம்மா, இன்னிக்கு இவ்ளோ மரியாதை?” என்று டாக்டர் கேட்டாராம்.

எலும்பு வைத்தியர் மாத்திரை கொடுத்தார். “நீச்சல் அடிங்க. இதுக்கு அதைவிட நல்லது கிடையாது” என்றும் சொல்லி அனுப்பினார்.

“நீச்சலா! நான் குளியலறையில வழுக்காம நின்னாலே பெரிசு” என்று வீட்டில் சொல்லிச் சிரித்ததோடு அவள் அதை மறந்துவிட்டாள்.

அந்த வாரமே ஒரு போக்குவரத்து போலீஸ்காரி முன்பல் உடைந்து வந்தாள். முன்பல்லுக்கு நிறம் பொருந்த வேண்டுமே, நேரில் பார்த்துச் செய்யட்டும் என்று டாக்டர் அவளைக் கீழே அனுப்பினார். இவளைவிடப் பத்து வயதாவது சின்னவள். வெயிலில் நின்று நின்று கறுத்த முகம், கழுத்தில் விசில்.

பக்கத்துப் பல்லோடு நிறமாதிரிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தபடி பல்லக்கா கேட்டாள். “வண்டி இடிச்சிருச்சா?”

“இல்லக்கா. படகைக் கரையில இழுத்துப் போடும்போது துடுப்பு வந்து வாயில அடிச்சிருச்சு.”

“படகா? போலீஸ்ல படகு வேற ஓட்டணுமா?”

“அது ஞாயித்துக்கிழமை, எங்களுக்காக ஓட்டறது. ஏரியில ஒரு சின்னக் கூட்டமா சேர்ந்து போறோம். நீங்களும் வாங்களேன்.”

“எனக்கு நீச்சல் தெரியாது.”

“எங்கள்ல பாதிப் பேருக்கு வரும்போது தெரியாது. நீச்சல் கத்துக்காம எங்க ஆளுங்க யாரையும் படகுல ஏத்த மாட்டோம். நீங்க கழுத்தை ஏன் இப்படிச் சாய்ச்சுப் பிடிச்சிருக்கீங்க?”

அடுத்த ஞாயிறு பல்லக்கா ஏன் போனாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. கணவரின் பழைய டிராக் பேண்டை இழுத்துக் கட்டிக்கொண்டு, காலையில் கிளம்பிவிட்டாள். “துணைக்கு வரட்டுமா?” என்றார் அவர். “வேண்டாம், நான் முழுகறதை நீங்க பாக்க வேண்டாம்” என்றாள்.

ஊர் எல்லையில் இருந்தது ஏரி. பழைய பம்ப்செட் கொட்டகை ஒன்றில்தான் இவர்கள் படகுகளை வைத்திருந்தார்கள். ஒருவர் உட்காரும் கயாக் படகுகள், சாயம் போன லைஃப் ஜாக்கெட்டுகள், கூட்டமாக ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். பேக்கரி நடத்தும் அக்கா தங்கை இருவர் வந்திருந்தார்கள். ஒரு ஸ்கூல் பஸ் டிரைவர், ஒரு வங்கிக் காவலாளி. யாரும் யாரையும் என்ன ஏது என்று துருவவில்லை. “பயமா இருக்கா?” என்று மட்டும் கேட்டார்கள். “இருக்கு” என்றதும், “நல்லது, பயம் இல்லாதவங்களைப் பாத்துக்கறதுதான் கஷ்டம்” என்றார் பஸ் டிரைவர்.

இடுப்பளவு தண்ணீரில் போலீஸ்காரி அவளை மல்லாக்கப் படுக்க வைக்கப் பார்த்தாள்.

“உடம்பைத் தளர விடுங்கக்கா. தண்ணி பிடிச்சுக்கும்.”

“தண்ணி பிடிச்சுக்கும்னுதான் எனக்குப் பயமே!”

அன்று அவள் கல் மாதிரி மூழ்கினாள். அதற்கடுத்த வாரமும் அதே கதைதான். போலீஸ்காரியின் கழுத்தை அவள் கட்டிப் பிடித்த பிடியில், இன்னொருத்திக்கும் கழுத்து வைத்தியம் தேவைப்படும்போல இருந்தது. மூன்றாவது வாரம் போகவேண்டாம் என்றுதான் நினைத்திருந்தாள். “டிராக் பேண்ட் காய்ஞ்சிருச்சு, போட்டுக்க” என்று கணவர் எடுத்து நீட்டினார். போனாள்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. போலீஸ்காரியின் கை எப்போது விலகியது என்று தெரியவில்லை. காதுகள் தண்ணீருக்குள், முகம் வெளியே, மேலே வானம் மட்டும். இத்தனை வருடமாக ஒரு விளக்கு வெளிச்சத்துக்குள்ளேயே குனிந்து கிடந்த தலை, முதல் தடவையாக எதையும் தாங்க வேண்டாத தலையாக மிதந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த வாய்க்குள் தண்ணீர் போய்ப் புரையேறி, மூழ்கி எழுந்து, இருமிக்கொண்டே திரும்பவும் சிரித்தாள். கரையிலிருந்து பேக்கரித் தங்கை கைதட்டினாள்.

அப்புறம் படகு. அதற்கு முன்னால், கவிழ்ந்த படகிலிருந்து வெளியே வரும் பயிற்சி. அதை முடிக்காமல் துடுப்பைக் கையில் தருவதில்லை. அந்தக் கூட்டத்துக்கு இப்படிச் சில கறாரான விதிகள் இருந்தன. கொண்டு போனது காகிதமானாலும் திரும்பி வந்தாக வேண்டும். வழியில் அடுத்தவர் போட்டது மிதந்தால் அதையும் பொறுக்கி வரவேண்டும். வேறு ஏரிக்குப் போய் வந்த படகை, அங்கத்திய பாசி இங்கே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, கழுவிக் காயவைத்துத்தான் இறக்க வேண்டும். ஏரி நடுவில் மரங்கள் அடர்ந்த ஒரு திட்டு இருந்தது. நாரைகள் கூடு கட்டும் பருவத்தில் அதைச் சுற்றி மஞ்சள் மிதவைகள் போடுவார்கள். அவற்றைத் தாண்டக்கூடாது.

ஆரம்பத்தில் பல்லக்காவுக்கு இது அதிகப்படியாகத்தான் பட்டது. “கிட்டப் போய்ப் பாத்தா பறவைக்கு என்ன வந்துரும்? நாம என்ன கல்லா எறியறோம்?” என்று கேட்டாள். யாரும் பாடம் நடத்தவில்லை. ஒருநாள் ஒரு வாடகை மோட்டார் படகு மிதவைகளைத் தாண்டித் திட்டை ஒட்டிப் போனது. நாரைகள் மொத்தமாக எழும்பின. படகு போய்விட்டது, அவை உடனே திரும்பவில்லை, மேலேயே வட்டம் போட்டன. அந்த இடைவெளியில் காகங்கள் இறங்கின. ஒரு காகம் அலகில் முட்டையோடு பறந்துபோனதைப் பல்லக்கா தூரத்திலிருந்தே பார்த்தாள். பிறகு மிதவை போடும் நாட்களில் முதல் ஆளாக வந்து நின்றாள்.

கழுத்துவலி போன இடம் தெரியவில்லை. அது ஒரு பக்கம் என்றால், வேறு சிலவும் மாறின. ஒருநாள் டாக்டரிடம் போய், “பல் செய்யறதுக்கு முன்னால ஒரு தடவையாவது அவங்களைப் பாக்கணும் டாக்டர். அச்சை மட்டும் பாத்துச் செய்யறது எனக்குப் போதலை” என்றாள். அவள் வாயிலிருந்து அத்தனை நீள வாக்கியத்தை டாக்டர் அதுவரை கேட்டதில்லை. “இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே” என்றார். அதிலிருந்து நோயாளிகள் கீழே இறங்கி வந்தார்கள். கதை பேசினார்கள். பல்லக்காவும் பேசினாள்.

அவளைக் கேலி செய்துகொண்டே இருந்த ஒரே ஆள் கொழுந்தன். அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன். அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். இப்போது டைல்ஸ் விற்கும் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தான். “அண்ணி, இந்த வயசுல ஒலிம்பிக்ஸா?” என்பான். அவன் மனைவி பின்னால் நின்று சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மறு வருடம் நாரைகள் குஞ்சு பொரித்திருந்த சமயம். போலீஸ்காரிக்கு அன்று சாலைச் சந்திப்பில் டியூட்டி. பல்லக்காவும் பேக்கரித் தங்கையும் மட்டும் ஆளுக்கொரு படகில் இருந்தார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு அலற, பலூன் கட்டிய மோட்டார் படகு ஒன்று நேராகத் திட்டை நோக்கி வந்தது. முன்னால் கேக் பெட்டியோடு நின்றவன் கொழுந்தன். மேனேஜருக்குப் பிறந்தநாள், திட்டில் இறங்கிக் கேக் வெட்டுவதாக ஏற்பாடு.

பல்லக்காவுக்கு யோசிக்க நேரமில்லை. துடுப்பைப் போட்டு வலித்து, மிதவைக்கு முன்னால் தன் சின்னப் படகைக் குறுக்கே நிறுத்திக் கையைத் தூக்கினாள். மோட்டார்க்காரர் பதறிப்போய் என்ஜினை அணைத்தார். வந்த அலையில் அவள் படகு ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பேக்கரித் தங்கை கத்தியே விட்டாள்.

“அண்ணியா?” என்றான் கொழுந்தன். “நகருங்க அண்ணி. அரைமணி நேரம், அவ்ளோதான்.”

“இங்க இறங்கக்கூடாது தம்பி. குஞ்சு பொரிச்சிருக்கு. பாட்டை முதல்ல நிறுத்தச் சொல்லு.”

“ஆபீஸ் ஆளுங்க முன்னாடி என் மானத்தை வாங்காதீங்க.” அவன் குரலைத் தாழ்த்தியிருந்தாலும் எல்லோருக்கும் கேட்டது.

இத்தனை பேர் பார்க்க அவள் பேசியதே இல்லை. ஆனாலும் படகை நகர்த்தவில்லை. பின்னால் இருந்த மேனேஜரைப் பார்த்துப் பேசினாள்.

“சார், உங்க பிறந்தநாளைக் கெடுக்க வரலை. நீங்க இறங்கினா பெரிய பறவைங்க எழும்பிப் போயிரும். அந்த நேரத்துல காக்கா வந்து குஞ்சைத் தூக்கிரும், என் கண்ணால பாத்திருக்கேன். எதிர்க்கரையில நல்ல நிழல் இருக்கு, மணல் இருக்கு. நானே கூட்டிட்டுப் போறேன். குஞ்சுங்களையும் காட்டறேன், ஆனா இங்கிருந்துதான்.”

கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியைக் கழற்றி நீட்டினாள். மேனேஜர் வாங்கிக் கண்ணில் வைத்தார். யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

“அடேயப்பா, நாலும் வாயைப் பிளந்துட்டு நிக்குதுங்க” என்றார்.

“பாத்துட்டேன் சார். நான் பல் செட் செய்யறவ. ஒண்ணுக்கும் பல்லு இல்ல, எனக்கு அங்க வேலையே கிடையாது” என்றாள் பல்லக்கா.

படகே சிரித்தது. தொலைநோக்கி கைமாறிக் கைமாறிப் போனது. பிறகு மோட்டார் படகு மெதுவாகத் திரும்பி, அவள் பின்னாலேயே எதிர்க்கரைக்கு வந்தது. கேக் வெட்டினார்கள். கிளம்பும்போது காகிதத் தட்டுகளைத் தாங்களே ஒரு பையில் திரட்டிக்கொண்டார்கள். கொழுந்தன் மட்டும் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அதன்பின் அவன் அண்ணன் வீட்டுப் படியேறவில்லை. போனை எடுப்பதில்லை. “கொஞ்ச நாள் போகட்டும், ஃப்ரீஸர்ல வச்ச மாதிரி இருக்கான், தானா இளகட்டும்” என்றார் கணவர். பல்லக்காவுக்கு அதுவரை பொறுக்க முடியவில்லை. ஒரு மாலை அவளே அவன் வீட்டுக்குப் போனாள். அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“தம்பி, நாலு பேர் முன்னாடி உன்னைச் சங்கடப்படுத்தினதுக்கு எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா படகை மறிச்சதுக்கு வருத்தம் இல்ல. நாளைக்கே வந்தாலும் மறிப்பேன். ரெண்டையும் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

அவன் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினான். சமையலறை வாசலில் நின்றிருந்த அவன் மனைவிதான் வாயைத் திறந்தாள்.

“அக்கா, எனக்கும் நீச்சல் சொல்லித் தருவீங்களா?”

கொழுந்தன் திரும்பிப் பார்த்தான். “உனக்கா?”

“ஏன், எனக்கென்ன?” என்றாள் அவள்.

ஏரியில் இப்போது புதிதாக வருகிறவர்களைத் தண்ணீரில் இறக்குவது பல்லக்காதான். போலீஸ்காரியே அந்தப் பொறுப்பை அவளிடம் தள்ளிவிட்டாள். “உங்களை மாதிரி பயந்தவங்க யாரும் இல்லக்கா. அதனால உங்ககிட்டதான் நம்பி வருவாங்க” என்றாள். வருகிறவர்களில் சிலர் இரண்டு வாரத்தில் நின்றுவிடுவார்கள், அவள் கோபித்துக்கொள்வதில்லை. சிலருக்கு வீட்டுக்கே போன் போட்டு, “துணி காய்ஞ்சிருச்சா?” என்று கேட்பாள்.

கொழுந்தன் மனைவிக்குக் கவிழ்ந்து எழும் பயிற்சி வந்த ஞாயிறன்று, அவனும் வந்திருந்தான். தண்ணீரில் கால் வைக்கவில்லை. மனைவியின் துண்டையும் பையையும் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் டீயோடு கரையில் நின்றான். படகு குப்புறக் கவிழ்ந்தது. தண்ணீருக்கு மேல் யாரும் இல்லை. பல்லக்கா பக்கத்திலேயே, மார்பளவு தண்ணீரில், கையைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“அண்ணி! அவளைப் பிடிங்க அண்ணி!” என்று கரையிலிருந்து அலறினான்.

கேக் வெட்டிய அன்று ஏரியில் அவன் முகம் திருப்பிய பிறகு, அவளோடு அவன் பேசிய முதல் பேச்சு அது. தலை ஒன்று குபுக்கென்று மேலே வந்தது. மூக்கில் தண்ணீர் வழிய, பல் முழுக்கத் தெரியச் சிரித்தது.

“அவளே வந்துட்டா” என்றாள் பல்லக்கா. “நீ டீயைக் குடி, ஆறுது.”